எங்கையெண்டு கேட்கக் கூடாது

வெளிக்கிட்டு நிற்கிற ஆளைப் பார்த்து ‘எங்கை போறியள்’ என்று கேட்டால் போகிற காரியம் பாழ். இது மக்டலீனின் அசைக்க முடியாத நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கிளம்பும்போது யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டாலும் விடமாட்டாள். திரும்பி உள்ளே வந்து, கதிரையில் குந்தி, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி காலை வெளியே வைப்பாள். மாதா கோயிலுக்குப் போகிற ஆளுக்கு இதெல்லாம் எதற்கு என்று கணவன் லோறன்ஸ் சீண்டினால், “மாதா ஒண்டும் சொல்லமாட்டா, நீங்கள் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோ” என்பாள்.

கட்டாயம் கேட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் ‘தூரமோ’ என்று கேட்கலாம். அதில் பிழை இல்லை. ஆகவே செப்டெம்பர் மாதத்து அந்தச் சனிக்கிழமை காலை, ஒஸ்லோவின் ரொம்சோஸ் மாடிக்குடியிருப்பின் லிஃப்ட் வாசலில் ஆள் பாரத்துப் பைகளோடு நின்ற அண்ணனையும் மச்சாளையும் கண்ட புளோறன்ஸ், வாய்வரை வந்ததை மென்று விழுங்கிவிட்டு, “என்ன, தூரமோ?” என்றாள். லோறன்ஸின் தங்கை அவள். அதே கட்டிடத்தில் மேல்மாடியில் இருக்கிறாள். மச்சாளின் குணம் அவளுக்குத் தெரியாதா?

“இல்லையில்லை, கிட்டத்தான்,” என்றாள் மக்டலீன்.

அவ்வளவுதான் பேச்சு. பைகளைப் பார்த்த புளோறன்ஸ், பக்கத்து ஊர் லோறென்ஸ்கூக்கில் யாரோ வீடு குடிபுகுகிறார்கள், பாத்திரம் பண்டம் கொண்டுபோகிறார்கள் என்று தனக்குள் முடிவு கட்டிக்கொண்டு மேலே போய்விட்டாள்.

உண்மையில் அந்தப் பைகளில் கூடாரமும், இரண்டு படுக்கைப் பைகளும், இடியப்பமும், பொரித்த மீனும், ஒரு போத்தல் சம்பலும் இருந்தன. சோறு அவிக்கிற மின்சாரச் சட்டியையும் மக்டலீன் வைக்கப் பார்த்தாள். காட்டில் கரண்ட் இல்லை என்று லோறன்ஸ் சொன்ன பிறகுதான் எடுத்து வெளியே வைத்தாள்.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் லோறன்ஸின் வேலையிடம். முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவனுக்கு வேலை. திங்கட்கிழமை கோப்பி குடிக்கும்போது எல்லோரும் தாங்கள் சனி ஞாயிறு போன காட்டையும் மலையையும் பற்றித்தான் கதைப்பார்கள். லோறன்ஸ் மட்டும் பெரியபிள்ளையான ஒருத்தியின் சாமத்தியவீட்டுக்குப் போன கதையை எப்படி நொர்வேஜியனில் சொல்வது என்று தெரியாமல் கோப்பியைக் கலக்கிக்கொண்டிருப்பான். அடுத்த கோடையில் ஐஸ்லாந்துக்குப் போவோம், ஏரிகளுக்கும் எரிமலைகளுக்கும் நடுவே முதுகில் பையோடு நடந்து கூடாரத்தில் படுப்போம், யார் யார் வருகிறீர்கள் என்று ஒருத்தன் கேட்டபோது, முதலில் கையைத் தூக்கியது இவன்தான்.

எரிமலை என்ற சொல்லைக் கேட்டதும் மக்டலீனுக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. மன்னாரில் பிறந்தவள். அங்கே உப்பளத்தில் குவித்த உப்பைவிட உயரமாக அவள் ஒன்றையும் கண்டதில்லை. மலை என்றாலே அவளுக்குக் கால் கூசும். அது நெருப்பும் கக்கும் என்றால்? அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற காட்டில் முதலில் ஒரு நாள் நடந்து, ஓர் இரவு படுத்துக் காட்ட வேண்டும். அவளும் கூட வருவாள். பயமாக இருக்கிறது என்று அவள் ஒரு சொல் சொன்னால் உடனே திரும்பிவிட வேண்டும், ஐஸ்லாந்தும் இல்லை. லோறன்ஸ் தலையாட்டினான். அந்த ஒரு சொல்லை எந்த இடத்தில் சொல்லலாம் என்று மக்டலீன் முதல்நாள் இரவே யோசிக்கத் தொடங்கிவிட்டாள்.

காட்டுப் பாதை தொடங்கும் இடத்தில் கடைசியாக ஒரு மஞ்சள் வீடு. அதன் முன்னால் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு நொர்வேஜியப் பெண், கன்றுக்குட்டி அளவு சாம்பல் நிற நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு நின்றாள். இவர்களைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாக, “ஹை ஹை! எங்கே போகிறீர்கள்?” என்றாள்.

மக்டலீனுக்குப் பகீரென்றது. ஒஸ்லோ நகரத்தில் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிற சனம், காட்டு வாசலில் மட்டும் ஏன் இப்படி வாயைத் திறக்கிறது? பதில் சொல்லாமல் விறுவிறு என்று நடந்து, ஒரு வளைவுவரை போய், கண்ட கல்லில் குந்தினாள். போத்தலைத் திறந்து ஒரு மிடறு குடித்தாள். சிலுவை போட்டாள். லோறன்ஸைத் திரும்பிப் பார்த்தால் அவன் இன்னும் அந்தப் பெண்ணோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

“என்ன கதைச்சனீங்கள்?” என்றாள், அவன் வந்ததும்.

“நாயின்ர பேரைக் கேட்டனான். பாம்சேயாம்.”

“நாய்ப் பேரோ இப்ப முக்கியம்! இருங்கோ இந்தக் கல்லில. தண்ணி குடியுங்கோ.”

லோறன்ஸ் இருந்தான், குடித்தான். இருபது வருடத் தாம்பத்தியம் சில விஷயங்களில் வாதாடக் கூடாது என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது.

மரங்களில் நீல நிறத்தில் பூசிய அடையாளங்களைப் பார்த்துப் பார்த்து நடந்தார்கள். முதல் ஏரி வந்தது, வெயில் பட்டு மினுங்கியது. அழகாகத்தான் இருந்தது, மக்டலீனே ஒத்துக்கொண்டாள். அந்த நேரத்தில்தான் லோறன்ஸ் வாயைக் கொடுத்தான்.

“உமக்கொண்டு சொல்லவோ? நாங்கள் இப்ப நிக்கிறதே ஒரு எரிமலைக்குள்ளைதான்.”

“என்ன?”

“சத்தியமா. வேலையில ஒருத்தன் சொன்னவன். இந்த மலையெல்லாம் ஒருகாலத்தில எரிமலை. வெடிச்சு, வாய் இடிஞ்சு, உள்ளுக்கை விழுந்து கிடக்குது. முப்பது கோடி வருசத்துக்கு முந்தி. அது செத்துப்போச்சு, நீர் பயப்பிடாதையும்.”

செத்தது செத்ததுதான் என்று அவனுக்கு யார் சொன்னது? மக்டலீன் குனிந்து நிலத்தைத் தொட்டுப் பார்த்தாள். பாசி ஈரமாக, குளிராக இருந்தது. நம்பிக்கை வரவில்லை. அதன் பிறகு அவள் முட்டையின் மேல் நடக்கிறவளைப் போல அடியெடுத்து வைத்தாள். பதினைந்து வருடமாக இந்த மலையின் ஓரத்தில்தான் சமைத்து, துவைத்து, நிம்மதியாகத் தூங்கியிருக்கிறோம் என்று நினைத்து மறுபடி சிலுவை போட்டாள்.

கூடாரம் போட அவன் தெரிந்தெடுத்த இடம் மூன்றாவது குளம். பாதையில் இருந்து விலகி உள்ளே கிடந்தது. மூன்று பக்கமும் தேவதாரு மரங்கள், ஒரு பக்கம் கறுத்த பாறை. வழிகாட்டிப் பலகையில் ஊல்வெதியேர்ன் என்று எழுதியிருந்தது. மக்டலீன் சிறுபிள்ளைகள் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறவள், பிள்ளைகளின் கதைப்புத்தகங்களில் ‘ஊல்வ்’ என்றால் என்ன என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

“ஓநாய்க்குளம்,” என்றாள்.

“அது சும்மா பேர்,” என்றான் லோறன்ஸ். “லோறன்ஸ் எண்டு பேர் வைச்சவன் எல்லாம் புனிதனோ?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதனால் ‘பயமாக இருக்கிறது’ என்று சொல்லத் திறந்த வாயை மூடிக்கொண்டாள். சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம். கூடாரம் சிவப்பாக எழும்பியது. இடியப்பத்தையும் மீனையும் பாறையில் விரித்துச் சாப்பிட்டார்கள். கை கழுவக் குளத்தில் இறங்கிய லோறன்ஸ் தண்ணீருக்குள் இருந்து ஒரு கல்லைத் தூக்கினான். செம்மண் நிறக் கல், உள்ளே வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

“இஞ்சரும், வந்து பாரும்! எரிமலைக் கல்!”

அவளுக்கு வடிவாகக் காட்ட வேண்டும் என்று பாறையின் விளிம்பில் ஏறி, கையை உயர்த்திப் பிடித்தான். பாறை பாசி பிடித்துக் கிடந்தது. கல் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். அவன் விழுந்த சத்தத்துக்கு முன்னால் வேறொரு சத்தம் கேட்டது. விறகு முறிகிற சத்தம்.

மக்டலீன் எப்படி இறங்கினாள், அவனை எப்படி இழுத்தாள் என்று அவளைக் கேட்டால் இன்றைக்கும் சொல்லமாட்டாள். தெரிந்தால்தானே சொல்வதற்கு. தான் இடுப்புவரை நனைந்திருந்ததைக் கரைக்கு வந்த பிறகுதான் கண்டாள். லோறன்ஸின் இடது பாதம் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, “ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை” என்றான். சட்டைப் பையில் இருந்த கைத்தொலைபேசியை எடுத்தான். உள்ளே இருந்து குளத்துத் தண்ணீர் ஒழுகியது. மக்டலீனுடைய தொலைபேசி வீட்டில், குசினி மேசையில், சார்ஜில் கிடந்தது. காட்டில் அது எதற்கு என்று விட்டுவிட்டு வந்தவள் அவளேதான்.

அப்போதுதான் முதல் தடவையாக அவளுக்குச் சரியான பயம் வந்தது. அதுவரை பட்டதெல்லாம் விளையாட்டுப் பயம். நாங்கள் இங்கே இருக்கிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது. புளோறன்ஸுக்குத் தெரியாது. பேர்கனில் படிக்கிற மகள் ஜெனிதாவுக்குத் தெரியாது. கிட்டத்தான் என்று சொல்லிவிட்டு வந்தேனே, கிட்டத்தான் என்று!

அவனுடைய ஈர உடுப்பைக் களைந்து, இரண்டு படுக்கைப் பைகளையும் அவன் மேல் போட்டு மூடினாள். அவனுடைய பல் கிடுகிடு என்று அடித்தது. முகம் வெளிறி, உதடு நாவற்பழம் தின்றதுபோல் ஆகிவிட்டது. கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். சூடு வரவில்லை. இரவு வந்து இன்னும் குளிர்ந்தால் இந்த மனுசன் தாங்கமாட்டான். அது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

“நீர் போம்,” என்றான் லோறன்ஸ். “நீலத்தைப் பாத்துப் பாத்துப் போம். ஆரையும் கண்டால் கூட்டிக்கொண்டு வாரும்.”

“உங்களைத் தனிய விட்டிட்டோ?”

“இருந்தால் ரெண்டு பேரும் விறைக்க வேண்டியதுதான். போம், மகளே.”

பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரியில் ஒருமுறை அவளை அப்படிக் கூப்பிட்டான். அதற்குப் பிறகு இப்போதுதான். எழும்பி நடந்தாள்.

மரங்களுக்கு நடுவே வந்தபோது வெள்ளைப் பனிமூட்டமாகப் புகார் இறங்கத் தொடங்கியது. முதலில் உச்சிகளை விழுங்கியது, பிறகு கிளைகளை, பிறகு நீல அடையாளங்களை. ஒரு மரத்தில் நீலம் தெரிந்தது, அடுத்த மரத்தில் இல்லை, அதற்கடுத்ததில் பாசியா நீலமா என்று விளங்கவில்லை. ‘அருள்நிறைந்த மரியே’ சொல்லிக்கொண்டு நடந்தாள். நடுவில் எங்கே விட்டேன் என்று தெரியாமல் மறுபடி மறுபடி தொடங்கினாள். காலுக்குக் கீழே சொதசொதத்த இடங்களில் புதைந்து, இழுத்து, விழுந்து, எழும்பி நடந்தாள். இது எந்த எரிமலையின் எந்த வாயோ, எந்த இடத்தில் திறக்குமோ. ஓடினாள். முன்னால் வெளிச்சம் தெரிந்தது, தண்ணீர் தெரிந்தது, அதன் கரையில் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. மனிதர்கள்! கையை வீசிக்கொண்டு ஓடினாள்.

அவர்களுடைய கூடாரம்தான் அது. சுற்றிச் சுற்றி அதே ஓநாய்க்குளத்துக்கே வந்திருந்தாள்.

அழக்கூட வரவில்லை. கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். லோறன்ஸ் கண்ணை மூடிக் கிடந்தான். பல் அடிப்பது நின்றிருந்தது. பல் அடித்தபோது பட்ட பயத்தைவிட அது நின்றபோது பட்ட பயம் பெரிது.

“இஞ்சருங்கோ! கண்ணைத் திறவுங்கோ! நித்திரை கொள்ளாதையுங்கோ!”

“ம்,” என்றான் எங்கோ இருந்து.

வெளியே வந்து கத்தினாள். உதவி கேட்கிற நொர்வேஜியச் சொல் அவளுக்குத் தெரியும், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற சொல்தான். அந்த நேரத்தில் அது வாயில் வரவில்லை. “ஐயோ! ஆரும் இருக்கிறியளோ? ஐயோ, ஓடி வாங்கோ!” என்றுதான் வந்தது. புகார் அந்தச் சத்தத்தை அப்படியே வாங்கிக்கொண்டு ஒன்றும் தெரியாததுபோல் நின்றது. எல்லாம் அந்தச் சிவப்புத் தொப்பிக்காரியால் வந்த வினை. எங்கே போகிறீர்கள் என்று வாயை வைத்தாளே, அந்த வாய்தான். தொண்டை கட்டும்வரை கத்தினாள், நடுவில் அவளையும் திட்டினாள். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது.

அப்போது காட்டுக்குள் கிளைகள் முறிந்தன. ஏதோ ஓடி வந்தது. இரண்டு கால் இல்லை, நாலு கால். புகாருக்குள் இருந்து சாம்பல் நிறத்தில் ஒரு தலை நீண்டது, நாக்கு தொங்கியது.

மக்டலீனுக்கு அது ஓநாய்தான். ஓடவில்லை. ஓட இடமும் இல்லை, உள்ளே அவன் கிடக்கிறான். கூடார வாசலில் காலை அகட்டி நின்று, மிஞ்சிக் கிடந்த கூடாரத் தடியைத் தூக்கினாள்.

“வா பாப்பம்! கிட்ட வா! அடிச்சு மண்டையைப் பிளப்பன்!”

ஓநாய் நின்றது. தலையைச் சரித்து அவளைப் பார்த்தது. பின்னாலிருந்து, கூடாரத்துக்குள்ளே இருந்து, கிணற்றுக்குள் இருந்து கேட்பதுபோல் ஒரு குரல் வந்தது.

“பாம்சே…”

அதைக் கேட்டதும் அந்தப் பெரிய மிருகம் வாலை ஆட்டியது. மக்டலீனின் காலை உரசிக்கொண்டு உள்ளே புகுந்து, லோறன்ஸின் நெஞ்சோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது. அதன் பிறகு டோர்ச் வெளிச்சமும், வெளிச்சத்துக்குப் பின்னால் சிவப்புத் தொப்பியும் வந்தன.

அந்தப் பெண் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தன் அங்கியைக் கழற்றி லோறன்ஸைச் சுற்றினாள், தலையில் தன் தொப்பியைப் போட்டாள், குடுவையில் இருந்து சூடான ஏதோ கொடுத்தாள். பாறை மேட்டில் ஏறி நின்று தொலைபேசியில் பேசினாள். பிறகு வந்து மக்டலீனை இழுத்துத் தன் பக்கத்தில் இருத்தி, ஒரு கையால் அணைத்துக்கொண்டாள். ஆட்கள் வரும்வரை அப்படியே இருந்தார்கள்.

“நாங்கள் இங்கே இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று மக்டலீன் கட்டிய தொண்டையால் கேட்டாள்.

“உன் கணவர்தான் காலையில் சொன்னாரே. ஊல்வெதியேர்னுக்குப் போகிறோம் என்றார். கூடாரமெல்லாம் இருக்கிறது, ஆனால் படுக்க மாட்டோம், என் மனைவியைப் போலப் பயந்தவள் இந்த நாட்டிலேயே கிடையாது, இருட்டுவதற்கு முன் என்னை இழுத்துக்கொண்டு வந்துவிடுவாள், உங்கள் வாசலால்தான் திரும்புவோம், இருந்து பாருங்கள் என்றார்.” அவள் சற்றுச் சிரித்தாள். “நான் ஜன்னலில் இருந்து பார்த்தேன். புகார் வந்தது, இருட்டப் பார்த்தது. நீ வரவில்லை. அவ்வளவு பயந்த ஒருத்தி வரவில்லை என்றால் ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்தேன்.”

காலையில் இந்தக் கேள்விக்குப் பயந்து கல்லில் குந்தித் தண்ணீர் குடித்தது மக்டலீனுக்கு நினைவு வந்தது. அவள் குடித்த அந்த நேரத்தில்தான் அவன் பதில் சொல்லியிருக்கிறான். நாயின் பேரைக் கேட்டேன் என்று சொன்னதும் பொய்யில்லை. அந்தப் பேரும் உதவியது. சிவப்புத் தொப்பிக்காரியின் தோளில் முகத்தை வைத்து அப்போதுதான் அழத் தொடங்கினாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த புளோறன்ஸும் அழுதாள். “நான் வயிறு முட்டத் திண்டிட்டு நல்லா நித்திரை கொண்டனான் மச்சாள். கிட்டத்தான் எண்டு சொன்னியளே!”

அடுத்த கோடை வந்தது. கணுக்காலில் தகடு வைத்த லோறன்ஸ் ஐஸ்லாந்துக்குப் போவேன் என்று நின்றான். மக்டலீன் அழுது பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள். பிறகு ஒருநாள் தானே அவனுக்குக் கம்பளிக் காலுறை வாங்கி வந்தாள். பயம் போனதால் அல்ல. அது போகவே இல்லை. அவன் கட்டிலில் கால் நீட்டிக் கிடந்த மாதங்களில் ஜன்னலால் அந்தக் காட்டையே பார்த்துக்கொண்டிருந்ததை அவள் கண்டிருந்தாள்.

போகிற நாள் காலை. வாசலில் ஆள் பாரத்துப் பை. வழியில் தின்னப் பயத்தம் பணியாரத்தோடு வந்த புளோறன்ஸ், உதட்டை இறுக்கிக்கொண்டு சுவரோரமாக நின்றாள். லோறன்ஸ் பையைத் தூக்கினான். கதவைத் திறந்தான்.

“இஞ்சருங்கோ,” என்றாள் மக்டலீன். “எங்கை போறியள்?”

புளோறன்ஸ் “மச்சாள்!” என்று வாயைப் பொத்தினாள். அடுத்த கணம் பழக்கதோஷத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, தண்ணீர் எடுக்கக் குசினிக்கு ஓடினாள்.

“கதிரை வேண்டாம். தண்ணியும் வேண்டாம்,” என்றாள் மக்டலீன். இத்தனை வயதுக்கு ஒருநாளும் ஒருவரிடமும் கேளாத கேள்வி. கேட்டாயிற்று, இனி விழுங்க ஏலாது. “எங்கை போறியள்? எந்த மலை, எந்த ஏரி, எந்தப் பக்கத்தால ஏறி எந்தப் பக்கத்தால இறங்குவியள்? எண்டைக்கு வருவியள்? எல்லாம் சொல்லிப்போட்டுப் போங்கோ.”

லோறன்ஸ் பையை மெதுவாக நிலத்தில் வைத்தான். விமானம் இறங்கும் ஊரைச் சொன்னான், முதல்நாள் படுக்கிற ஏரியைச் சொன்னான், அதற்கு மேலே இருக்கிற எரிமலையின் பெயரைச் சொன்னான். வாயில் நுழையாத பெயர். மக்டலீன் அதைச் சொல்லிப் பார்த்தாள், நாக்குப் புரண்டது, மறுபடி சொன்னாள். கண்ணால் தண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை.

“பேருகள் பிழைக்கக் கூடாது,” என்றாள். “ஆரும் வந்து கேட்டால் நான் சொல்ல வேணும். முதலில இருந்து சொல்லுங்கோ.”

லோறன்ஸ் கதவைச் சாத்திவிட்டு வந்து கதிரையில் குந்தி, முதலில் இருந்து சொல்லத் தொடங்கினான்.